பொன்னிலைக்கு ஒரு கண்ணாடி

"அய்யோ... என்ன பண்றீங்க?"

மழை தூறத் தொடங்கியிருந்தது. கொடியிலிருந்து கொல்லையில் விழுந்த சட்டையை எடுக்க வந்த மாடிக் குடித்தனக்காரன் திரும்பினான். அவன் கை நிறைய மஞ்சள் இலைகள்.

"வாடிக் கிடந்துச்சு... மத்ததுக்கும் நோய் ஒட்டிடக் கூடாதேன்னு கிள்ளிட்டேன்."

அந்தச் செடியின் நிறமே அதுதான்! காலை வெளிச்சம் மட்டும் எட்டிப் பார்க்கும் நிழல் மூலையில் அவள் ஆசையாய் வளர்த்தது. போன வருடம் மடிந்து, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, இப்போதுதான் பொன்னாய்ப் பூரித்திருந்தது.

"நான் பல் டாக்டர். நல்ல பல்லை இதுவரைக்கும் பிடுங்கினதில்ல. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடை..." என்றான் மெதுவாக.

வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவன் இமையில் நின்ற மழைத்துளியைக் கவனித்துவிட்டதில் கோபம் இன்னும் ஏறியது. நேரே போய் வீட்டுச் சொந்தக்காரரான அண்ணனிடம் முறையிட்டாள். தங்கை கண் கலங்கினால் தாங்காத அண்ணன், மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இரண்டே நாளில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் போய் 'இருங்க' என்று எப்படிச் சொல்வது? கௌரவம் தடுத்தது. படியில் எதிர்ப்பட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தக் குனிந்த தலை, கிளினிக் வரைக்கும் அவள் கூடவே வந்தது.

செடி துளிர்த்தது... பச்சையாக! பக்கத்து வீட்டுக்காரர் மதிலை உயர்த்தியதில், இலைக்குப் பொன்நிறம் தரும் காலை வெளிச்சம் நின்றுபோயிருந்தது.

ஒரு காலையில் செடியின் மேல் இதமான வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தாள். மாடிக் கம்பியில், அவன் கடையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்த்துக் கட்டியிருந்தது. நாளாக ஆக இலைகளில் பொன் ஊறியது. அவள் கௌரவம்தான் இன்னும் இறங்கவில்லை.

மாதக் கடைசி. பெட்டியோடு கொல்லைக்கு வந்தான்.

"கண்ணாடியை விட்டுட்டுப் போறேன். செடிக்கு வேணும்." தயங்கினான். "வெளிச்சம் சரியா விழுதான்னு பார்க்கத்தான் தினம் மேல நின்னேன். நீங்க தண்ணி ஊத்த வருவீங்க... உங்க முகத்துல விழும். அப்புறம் செடியைப் பார்க்கவே மறந்துட்டேன்."

அவள் நிமிர்ந்து மாடிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வெயில் தினம் இடம் மாறும்ல... கண்ணாடியை யாரு திருப்பி வைக்கிறது? போகாதீங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சந்தோஷத்தில் அவன் பெட்டியை அங்கேயே இறக்கப் போனான்.

"பார்த்து... செடி," என்று அவன் கையைப் பிடித்தாள். அப்புறம் விடவில்லை.