ஆவி பறக்கும் கிணறு

போன் அலறியது. சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தி டீ டம்ளரை இன்னும் வாயில் வைக்கவில்லை.

"மேடம்... சக்குபள்ளம் நீராவிக் கெணத்துகிட்ட ஒரு பாடி."

டீ ஆறுவதற்குள் ஜீப் கிணறு இருந்த ஏலத்தோட்டத்தில் நின்றது.

இரும்புக் குழாய் இறக்கிய கிணறு. அதன் காலடியில் இன்ஜினியர் பழனிச்சாமி. முகம், கழுத்து, மார்பு... எல்லாம் வெந்து போயிருந்தது.

பக்கத்தில் முதலாளி ரிஜோ. கண்ணில் கர்ச்சீப். கர்ச்சீப்பில் ஈரமில்லை.

"பூமிச் சூட்டுல கரண்டு எடுக்குற பிளாண்டு மேடம். புகை கெடையாது, கரி கெடையாது. இந்த மலைக்கே வெளிச்சம்..."

"எப்படிச் செத்தாருன்னு கேட்டேன். நோட்டீஸ் வாசிக்கச் சொல்லல."

ரிஜோ கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தான்.

"விடியக்காலைல தனியா வந்து வால்வைத் தெறந்திருக்காரு. ஆவி அடிச்சிருச்சு. நாந்தான் ஓடி வந்து மூடுனேன்."

இந்த மூஞ்சியை நம்பித்தான் ஜனங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனந்தி சுற்றிலும் பார்த்தாள். ஆளையே வேகவைத்த ஆவி... ஓரடி தள்ளியிருந்த ஏலச்செடியில் ஒரு இலைகூட வாடவில்லை!

சட்டென்று வால்வைத் திருகினாள்.

"ஆவி வருது, ஓடுங்க!"

அவள் பாய்ந்தாள். கான்ஸ்டபிள் சதீஷ் வேலியையே தாண்டிவிட்டான்.

ரிஜோ நின்ற இடத்திலேயே நின்றான்.

குழாய் இருமியது... உறுமியது... அவன் ஷூ மேல் கொட்டியது.

பச்சைத் தண்ணீர்!

ஆனந்தி நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"உயிருக்குப் பயந்து நாங்க ஓடுனோம். நீங்க ஏன் ஓடல?"

அப்போதுதான் ரிஜோ ஓரடி பின்வாங்கினான்.

"பாக்க வர்றவங்களுக்குக் காட்டுற ஆவி எங்கருந்து வருது?"

"ஏலக்கா காய வைக்கிற ஸ்டோருக்குப் பின்னாடி... ஒரு பாய்லர். மண்ணுக்குள்ள குழாய் போட்டிருக்கேன். இப்ப அதுல தீ இல்ல."

"வெறகை எரிச்சு, புகையில்லாத கரண்டு. வெக்கமா இல்ல?"

"அந்தாளு கெணத்துக்குள்ள தெர்மாமீட்டர எறக்கிப் பாத்துட்டான் மேடம். 'பூமிச் சூடு நெசம், ஆனா அது இங்க இல்ல. ஊர்ல சொல்லிருவேன்'னு நின்னான். நைசாப் பேசி பாய்லர்கிட்ட கூட்டிட்டுப் போயி... குழாயத் தெறந்துட்டேன். அப்புறம் இங்க தூக்கிட்டு வந்து போட்டேன்."

சதீஷ் விலங்கை மாட்டினான்.

"இனி எனக்கு என்ன ஆகும் மேடம்?"

"நெசமான ஆவிய தெனமும் பாப்பீங்க ரிஜோ. ஜெயில் கஞ்சியில."