இறக்கைக்குப் பின்னால் ஒரு கோடு

மேசைமேல் இரண்டு கான்கிரீட் ஆந்தைகளை வைத்தாள் ஆந்தைக்காரம்மா. பிறகு கைப்பையிலிருந்து மடித்த புகார்க் கடிதம் ஒன்றை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள். வீட்டுப் பின்னறையில் சிலிக்கோன் ரப்பர் அச்சில் சிமெண்ட் கலவையை ஊற்றி, தோட்டங்களில் வைக்கும் ஆந்தைகளை வார்ப்பவள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

"சாயங்காலம் இதை போலீஸ்ல குடுக்கப் போறேன். என் கூடப்பிறந்த தங்கச்சி மேல. அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்."

எதிரே இருந்தவர் அந்த வீட்டுக்காரர்; காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருஷம் சேதங்களை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சர்வேயர். அருகில் அவருடைய மச்சான், முன்னாள் பஸ் கண்டக்டர், அதற்குள் நோட்டைத் திறந்து தேதி போட்டுவிட்டார்.

அவள் சொன்னாள். ஆந்தையின் உருவத்தைக் களிமண்ணில் செதுக்கியது அவள்தான். அச்சு ஒன்றே ஒன்று. அது பத்திரமாக வீட்டில் இருக்கிறது. இரண்டு வருஷமாகக் கூடவே இருந்து வார்த்த தங்கை, இரண்டு மாதத்துக்கு முன் வெளியூரில் வேலை கிடைத்துப் போனாள். போன வாரம் ரயிலடிக் கடையில் அதே ஆந்தை பாதி விலைக்கு வந்தது. அறுபது ஆந்தை கேட்டிருந்த விடுதிக்காரர் இனி அங்கேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சிதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"என் கொழுந்தனார் சொன்னார். எங்க வீட்டு மாடியில இருக்கார். ஆந்தைங்களை போட்டோ எடுத்து இணையத்துல போடுறது அவர்தான். ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் அவ ஒரு ஆந்தை மேல சிலிக்கோன் ஊத்தி அச்சு எடுத்ததைப் பார்த்தாராம்."

"தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'நீ நம்புறியாக்கா'ன்னா. நான் பதில் சொல்லல. அதோட பேச்சு நின்னுபோச்சு."

சர்வேயர் இரண்டு ஆந்தைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவளுடையது வழவழவென்று இருந்தது. கடையில் வாங்கியதில், இடது இறக்கைக்குப் பின்னால் தலைமுடி கனத்துக்கு ஒரு மேட்டுக் கோடு.

"இது என்னம்மா?"

"அச்சுல ஒரு கீறல் இருக்கு. அதுல கலவை இறங்கி இப்படிக் கோடா வந்துடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுவேன். தேய்க்காம ஒண்ணுகூட என் வாசலைத் தாண்டாது."

"கீறல் எப்போ விழுந்தது?"

"தங்கச்சி இருந்தா அச்சுலேருந்து ஆந்தையை விரலாலேயே அலுங்காம கழட்டுவா. அவ போன மறுவாரம் நான் அவசரப்பட்டுக் கத்தி நுனியால நெம்பினேன்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். கண்டக்டரின் பேனாவும் நின்றது.

"கிளம்பலாம்மா," என்றார் சர்வேயர். "உங்க அறையைப் பார்க்கணும்."

பின்னறையில் ஈரச் சாக்கு போர்த்திய ஆந்தைகள் முழங்கால் உயரப் பலகையில் இறுகிக்கொண்டிருந்தன. தரை முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு.

"தேய்க்கறதுக்கு முன்னாடி இங்கேருந்து எதாவது குறைஞ்சுதா?"

"போன மாசம் ஒண்ணு. போட்டோ எடுக்கறப்ப இந்தப் பலகையிலேருந்து விழுந்து நொறுங்கிடுச்சு, வாரிக் கொட்டிட்டேன்னு கொழுந்தனார் சொன்னார்."

பேச்சுக்குரல் கேட்டுக் கொழுந்தன் இறங்கி வந்தான். "என்ன அண்ணி, புகார் குடுத்தாச்சா?"

சர்வேயர் மச்சானைப் பார்த்துத் தலையசைத்தார். கண்டக்டர் இதற்காகவே பிறந்தவர்போல ஒரு ஆந்தையைப் பலகையிலிருந்து தள்ளிவிட்டார். அது ரப்பரில் 'தொப்' என்று விழுந்து உருண்டது. காதோரம் கொஞ்சம் உதிர்ந்ததோடு சரி. இன்னொரு முறை தள்ளினார். அப்போதும் உடையவில்லை.

"தம்பி, கடை ஆந்தையில கீறல் கோடு இருக்கு," என்றார் சர்வேயர் நிதானமாக. "அந்தக் கீறல் தங்கச்சி போன பிறகு விழுந்தது. அதனால, அவங்க முந்தின நாளே அச்சு எடுத்ததைப் பார்த்தேன்னு நீங்க சொன்னது நடக்கல. அப்புறம், இங்கேருந்து விலைக்குப் போன எதுலயும் கோடு கிடையாது. அப்போ யாரோ தேய்க்காத ஆந்தை ஒண்ணை எடுத்து, அது மேல சிலிக்கோன் ஊத்தியிருக்காங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி காணாமப் போனது ஒண்ணே ஒண்ணு. அது நொறுங்கிடுச்சுன்னு சொன்னது நீங்க."

கொழுந்தன் விரிப்பில் கிடந்த ஆந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாள்தான் அண்ணி போட்டோக்காரனாவே இருக்கறது? கடைக்காரர் கூட்டு வச்சுக்கலாம்னார். கேட்டா நீங்க விட மாட்டீங்க."

"நீங்க கேட்கவே இல்லையே தம்பி," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அச்சு எடுத்ததைக்கூட விடுங்க. அவ தலையில கட்டினீங்க பாருங்க. இன்னிக்கே அந்த அச்சு இங்க வரணும். விடுதிக்காரர்கிட்ட நடந்ததை நீங்களே போய்ச் சொல்லணும். இல்லேன்னா கடிதத்துல பேரை மாத்திக் குடுத்துடுவேன்."

அவன் தலையசைத்துவிட்டு வெளியேறினான். கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயர் அவர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார்.

அவள் சிமெண்ட் படிந்த விரலால் தங்கையின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஐந்தாவது தடவை தங்கை எடுத்தாள்.

"நான் தப்பா நம்பிட்டேன்டி," என்றாள் அக்கா. "போனை வச்சிடாதே. நீ வர வேண்டாம். எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு. நான் வர்றேன்."