ஜீரோவை அழுத்திய விரல்

டெலிபோன் அலறியது!

திங்கட்கிழமை காலை. டாக்டர் ட்ரெக்ஸ்லரின் க்ளினிக்கைத் திறந்து, குளிர் கோட்டைக்கூடக் கழற்றாத நர்ஸ் டோரீன் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... நான் கோரி! வால்ட் மாமா கிச்சன்ல விழுந்து கிடக்கிறாரு! உடம்பெல்லாம் நீலம் நீலமா..."

"மூச்சு இருக்கா பாருடா!"

"இல்ல மேடம்... ஜில்லுன்னு இருக்காரு!"

டோரீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வால்ட் செட்லாக். எழுபது தாண்டிய கிழவர். பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளில் ஆயுசு பூராவும் லாரி ஓட்டி முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டவர். அந்த வலிக்குத்தான் ட்ரெக்ஸ்லரிடம் மருத்துவக் கஞ்சா அட்டை வாங்கியிருந்தார். டோரீனின் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வாசம். தவக்காலம் வந்தால் சர்ச் அடித்தளத்தில் இருவரும் சேர்ந்துதான் பியரோகி கொழுக்கட்டை பிடிப்பார்கள். அவர் உருளைக்கிழங்கை மசிப்பார். இவள் திட்டிக்கொண்டே உப்புப் போடுவாள்.

அந்த மனுஷன் இப்போது சமையலறைத் தரையில்!

டோரீன் போய்ச் சேர்ந்தபோது டிடெக்டிவ் ஸ்டான் மகுல்ஸ்கி வந்துவிட்டிருந்தான். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அப்போதே குண்டு. இப்போது கேட்கவே வேண்டாம்.

"மூளையில ரத்தக்கசிவா இருக்கும்னு பிரேதப் பரிசோதனை டாக்டர் பார்த்துட்டுச் சொல்றார், டோரீன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாராமே?"

"ஆமா... இதயத்துக்கு."

"அதுவும் உங்க கஞ்சா எண்ணெயும் ஒத்துக்காதாமே?"

"சில பேருக்கு ஒத்துக்காது, ஸ்டான். எண்ணெய் அந்த மாத்திரையோட வேகத்தை ஏத்திவிடும். முதல்ல உடம்புல காயம் மாதிரி நீலம் தெரியும். ஈறுல ரத்தம் வரும். அதுக்குத்தானே மாசா மாசம் எங்க மெஷின் ஃபோன் பண்ணிக் கேக்குது! வலி எவ்வளவு, நீலம் இருக்கா, ரத்தம் வருதா... பட்டனை அழுத்தினா போதும். 'ஆமா'ன்னு வந்தா நான் உடனே அவங்களைக் கூப்பிடணும்."

"வால்ட்டைக் கேட்டுச்சா?"

"வியாழக்கிழமை கேட்டுச்சு."

"என்ன பதில்?"



"வலி ஜீரோ. நீலம் இல்ல. ரத்தம் இல்ல."

மகுல்ஸ்கி தரையைக் காட்டினான். வெள்ளைத் துணிக்கு வெளியே கிழவரின் முன்கை நீட்டிக்கொண்டிருந்தது. கத்திரிக்காய் நிறம்!

"இது ஒரு வாரத்து நீலமாம். குருடனுக்கும் தெரியும். அந்த மனுஷன் 'இல்ல'ன்னு அழுத்தி இருப்பாரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலை பதிலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். நாளைக்கே நர்ஸ் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். போகட்டும்! அதைவிடப் பெரிய முள் ஒன்று குத்தியது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவள் ஃபோன் செய்திருந்தால், வால்ட் இன்று உயிரோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

மகுல்ஸ்கி சுவர்ப் பக்கம் திரும்பினான். ஃப்ரிட்ஜை ஒட்டி, கண் மங்கியவர்களுக்கான பெரிய எண்கள் போட்ட ஒரு டெலிபோன்.

"இதுலதான் அழுத்தினதா?"

"இது ஒண்ணுதான் சார் வீட்ல." கோரி மூக்கை உறிஞ்சினான். வால்ட்டின் தங்கை மகன். கிழவருக்காகக் கஞ்சாக் கடையில் வாங்கிவர அரசு அட்டை பெற்றவன். "பழசு பெட்ரூம்ல இருந்துச்சு. நம்பரே தெரியலைன்னு மாமா புலம்பிட்டே இருந்தாரு. புதன்கிழமைதான் இதை வாங்கி மாட்டினேன்."

மகுல்ஸ்கி அவனை முகர்ந்தான்.

"ஏண்டா, மாமா பேர்ல வாங்கின சரக்குல பாதி உன் மூக்கு வழியாத்தானே போச்சு?"

"பாதி இல்ல சார்... கொஞ்சம்."

"கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போனா அட்டையைப் பிடுங்கிடுவாங்க. உன் புகையும் நின்னுடும். அதனால நீயே ஃபோனை எடுத்து ஜீரோவை அழுத்திட்டே. அப்படித்தானே?"

"ஐயோ சார்!" கோரி அலறினான். "நான் அழுத்தி இருந்தா எட்டு அழுத்தி இருப்பேன் சார்! எந்த மடையன் ஜீரோ அழுத்துவான்? வலி இல்லைன்னா அடுத்த வருஷம் அட்டையே கிடையாதே!"

டோரீன் சிலையானாள்.

அவன் சொல்வது நிஜம்! இந்த ஊரில் அட்டை வைத்திருக்கும் ஒருத்தர்கூட ஜீரோ சொன்னதில்லை. குதித்துக் குதித்து நடனம் ஆடுகிறவர்கூட 'ஒரு நாலு இருக்கும்மா' என்றுதான் இழுப்பார். வால்ட் எப்போதும் ஆறு. கொஞ்சம் கோபம் இருந்தால் ஏழு.

காரில் ஏறியதும் அவள் உடைந்து அழுதாள்.

"வெள்ளிக்கிழமை அந்த ஜீரோவைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும், ஸ்டான். நான்... நான் சந்தோஷப்பட்டேன்! கிழவருக்கு நல்லாயிடுச்சுன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்!"

"அழறதை அப்புறம் வெச்சுக்க. முதல்ல யோசி. ஜீரோவால வால்ட்டுக்கு நஷ்டம். கோரிக்கும் நஷ்டம். அப்ப லாபம் யாருக்கு?"

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை க்ளினிக் பக்கம் திருப்பினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

க்ளினிக்கில் கேக் காத்திருந்தது!

வெள்ளிக்கிழமை தலைநகரில், சட்டசபைக் கமிட்டி முன்னால் டாக்டர் ட்ரெக்ஸ்லர் பேசியிருந்தார். 'என் நோயாளிகளில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு கிடையாது. வலி ஜீரோவுக்கு இறங்கியவரும் உண்டு' என்று மார்தட்டினாராம். கை தட்டினார்களாம். கஞ்சா எழுதிக்கொடுக்கும் டாக்டர்களையெல்லாம் கண்காணிக்கும் புதிய குழுவுக்கு அவரையே தலைவராக்கிவிட்டார்கள். 'வாழ்த்துகள்' என்று க்ரீமில் எழுதிய கேக்கை யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"பாவம் வால்ட்." ட்ரெக்ஸ்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளித் தலை. பட்டுக் குரல். "ரொம்ப நல்ல மனுஷன்."

"அவர் வீட்டுக்குப் போயிருக்கீங்களா டாக்டர்?" என்றான் மகுல்ஸ்கி.

"வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல. முதல் தடவை மட்டும் அவர் இங்க வந்தார். அப்புறம் எல்லாமே வீடியோ ஸ்க்ரீன்லதான். சட்டத்துல இடம் இருக்கு."

"அவர் சாவை யார் விசாரிப்பாங்க? உங்க குழுவா?"

"முறைப்படி... நான்தான் விசாரிக்கணும்." ட்ரெக்ஸ்லர் அடக்கமாகப் புன்னகைத்தார். "கேக் எடுத்துக்கங்க."

மகுல்ஸ்கி எடுத்துக்கொண்டான். தின்பதில் அவன் வஞ்சகம் வைப்பதே இல்லை.

"டோரீன், அந்த மெஷின் பேசினது பதிவாகி இருக்குமா?"

"இருக்கும்."

"முதல்ல போன மாசத்தைப் போடு."

கம்ப்யூட்டரிலிருந்து ட்ரெக்ஸ்லரின் குரலே வழிந்தது. கேள்விகளைப் பதிவு செய்தவரே அவர்தான்.

'வணக்கம். நான் உங்க டாக்டர் ட்ரெக்ஸ்லர். இன்னிக்கு உங்க வலி எவ்வளவு? ஜீரோவுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பரை அழுத்துங்க.'

'என்னது? மெதுவா சொல்லுய்யா டாக்டரே! காது கேக்கல!' வால்ட் மெஷினையே அதட்டினார்.

அதே கேள்வி திரும்ப வந்தது. மறுபடியும் வந்தது. அப்புறம்தான் ஒரு 'பீப்'.

டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போனவர் இப்படிக் கத்துவதைக் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

"இப்ப வியாழக்கிழமை."

'வணக்கம். நான் உங்க டாக்டர் ட்ரெக்ஸ்லர். இன்னிக்கு உங்க வலி எவ்—'

பீப்!

'உங்க உடம்புல எங்கேயாவது—'

பீப்!

'ஈறுல—'

பீப்!



மகுல்ஸ்கி விரலில் ஒட்டிய க்ரீமை நக்கினான்.

"காது கேக்காத கிழவர், கேள்வியே முடியறதுக்குள்ள பதில் சொல்றார். ஆச்சரியமா இல்ல? இது கேள்வியெல்லாம் மனப்பாடமா தெரிஞ்ச ஆளோட வேலை. யாருக்கெல்லாம் தெரியும் டாக்டர்?"

"எனக்கு." ட்ரெக்ஸ்லர் தயங்கினார். மெல்லத் திரும்பினார். "அப்புறம்... டோரீனுக்கு."

"டாக்டர்!"

"மன்னிச்சுக்கம்மா. உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்? வியாழக்கிழமை நீ சீக்கிரமே கிளம்பிட்டே. வால்ட் வீடும் உனக்குப் பக்கம்."

"நான் பல் டாக்டர்கிட்ட போனேன்! ஸ்டான், சத்தியமா..."

மகுல்ஸ்கி அவளைப் பார்க்கவில்லை.

"இவளுக்கு இதுல என்ன லாபம் டாக்டர்?"

"வேலை மிச்சம். 'ஆமா'ன்னு பதில் வந்தா இவதான் ஃபோன் பண்ணணும், பின்னாலயே ஓடணும். அலுத்துப்போயிருப்பா. பழகின வீடு. உள்ள போனா ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவத்துல பெரிய பெரிய நம்பரோட ஃபோன் தொங்குது. ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது. பாவம், விளைவை யோசிச்சிருக்க மாட்டா."

டோரீன் ட்ரெக்ஸ்லரை முறைத்தாள். இருபது வருஷம் இந்த மனுஷனுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்தவள்.

மகுல்ஸ்கி கேக் தட்டைக் கீழே வைத்தான். பாதி கேக் மிச்சம்! அவன் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை.

"ஃபோன் எங்க தொங்குதுன்னு சொன்னீங்க டாக்டர்?"

"ஃப்ரிட்ஜ் பக்... ஸ்க்ரீன்ல பேசறப்ப பின்னால தெரிஞ்சுது."

"கடைசியா எப்ப ஸ்க்ரீன்ல பேசினீங்க?"

"போன மாசம்."

"அந்த ஃபோனை மாட்டினதே போன புதன்கிழமைதான்."

ட்ரெக்ஸ்லரின் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வியாழக்கிழமை... மறுநாள் கமிட்டி..." பட்டுக் குரல் கிழிந்திருந்தது. "வால்ட் என் செல்லுக்கு ஃபோன் பண்ணினார். வாயில ரத்தம் வருது, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னார். போனா கணக்குல ஏறிடும். என் பேச்சு மொத்தமும் வீணாயிடும். நானே போய்ப் பார்த்தேன். எண்ணெயை நிறுத்துங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்னேன். நிஜமாவே சரியாயிடும்னுதான் நம்பினேன்! அவர் பாத்ரூம்ல இருந்தப்ப ஃபோன் அடிச்சுது. எடுத்தேன். உள்ள என் குரலே என்னைக் கேட்டுச்சு... வலி எவ்வளவுன்னு."

டோரீன் அவர் எதிரே போய் நின்றாள். அழுகை நின்றிருந்தது.

"ஆஸ்பத்திரி இங்கேருந்து கூப்பிடு தூரம். அந்த மாத்திரைக்கு மாத்து மருந்து இருக்கு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"'போங்க வால்ட்'னு ஒரு வார்த்தை போதும். அவர் பிழைச்சிருப்பார்."

டோரீன் உள்ளே போய், வால்ட்டின் அதட்டலை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். 'மெதுவா சொல்லுய்யா டாக்டரே!' இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மகுல்ஸ்கி விலங்கை மாட்டினான்.

"கைல வலிக்குது..." ட்ரெக்ஸ்லர் முனகினார்.

"எவ்வளவு? ஜீரோவா, பத்தா?"

வாசல்வரை தள்ளிக்கொண்டு போனவன் நின்றான். திரும்பி வந்து மிச்சக் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு அட்வைஸ் டாக்டர். இத்தனை நாளா கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. இனிமே கேள்வி கேக்கப்போறவர் ஜட்ஜ். அவர் முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க... நடுவுல பட்டனை அழுத்திடாதீங்க!"