நாரந்தனை மாடிவீட்டுக்காரி

எங்கள் பஸ் நாரந்தனை மாடிவீட்டின் முன்னால் நின்றபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டை மாடியில் வெள்ளையாக, உருண்டையாக, தொலைநோக்கிக் கூண்டு தெரிந்தது. நான் மட்டும் வீட்டின் பின்பக்கத்தை, சமையல் நடக்கும் குசினிப் பக்கத்தைப் பார்த்தேன்.

பிள்ளைகள் சனிக்கிரகம் பார்க்க வந்தார்கள். நான் ஒரு பெண்ணைப் பிடிக்க வந்தேன்.

என் கணவர் ஜெகதீஸ்தான் அந்த வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பு. கனடாவில் இருக்கும் யாரோ சொந்தக்காரர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த பழைய வீடு அது. மாடியில் கூண்டு கட்டிய நாளிலிருந்து மனிசனுக்கு அங்கேதான் சீவியம். ஊர்காவற்றுறையில், எங்கள் வாடகை வீட்டில், நான் பள்ளிக்கூடத்தால் வந்து தனியே குந்தியிருப்பேன். தொலைநோக்கியோடு போய்ச் சக்களத்திச் சண்டை பிடிக்க முடியுமா? பொறுத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சக் காலமாக அவர் வீட்டில் சாப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

"பசியில்லையப்பா. அங்கயே சாப்பிட்டிட்டன்."

"ஆர் தந்தது?"

"இதென்ன கதை? நீர் குடுத்துவிட்டதுதானே. கீழ மூடி வைச்சிருந்தது."

நான் எதையும் கொடுத்துவிடவில்லை. பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லவேண்டாமா? அதையும் என் தலையிலா கட்டுவது? அன்றைக்கு அவருடைய சேட்டைத் தோய்க்க எடுத்தபோது சாம்பிராணி மணந்தது. முழுகிவிட்டுக் கூந்தலுக்குப் புகை பிடிப்பார்களே, அந்த வாசம். நான் சாம்பிராணி பிடிப்பதில்லை. எனக்குத் தும்மல் வரும்.

பள்ளிக்கூடங்களுக்கும் பொதுமக்களுக்கும் நிலையத்தைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று அறிவித்தல் வந்ததும், எங்கள் அதிபரிடம் போய் "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று முதலில் சொன்னவள் நான்தான்.

கேற்றடியில் பாலசிங்கம் அண்ணை நின்றார். பக்கத்து வளவுக்காரர், வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிடம்தான் இருக்கும். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, இவருக்கு ஆர் இஞ்ச சமைச்சுக் குடுக்கிறது?"

"இஞ்சயோ? அடுப்பே இல்லைப் பிள்ளை. சத்தியபாமா போனதோட குசினி பாழாய்க் கிடந்து, இப்பதான் பற்றரி வைக்கிற அறையாக்கினவை."

"ஆர் சத்தியபாமா?"

"இந்த வீட்டுக்காரி. புருசன் தெற்கில கடை வைச்சிருந்தவர். வருசத்தில ஒருக்காத் திருவிழாவுக்கு வருவார். பிறகு அதுவும் இல்லை. அங்க வேற ஒருத்தி எண்டு கதை. இவ ஒவ்வொரு பின்னேரமும் சமைச்சு மூடி வைச்சிட்டு, மாடியில நிண்டு றோட்டைப் பாத்துக் கூப்பிடுவா. ஒருநாள் அவர் வாறார் எண்டு நினைச்சுப் பின்படியால ஓடி இறங்கினவ, விழுந்திட்டா. அந்தப் படியையும் இப்ப இடிச்சாச்சு."

பாவம்தான். ஆனால் செத்தவளின் கதையைச் சொல்லி உயிரோடு இருப்பவளை மறைக்கப் பார்க்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் மேலே போனபோது திறப்பு விழாக் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, நன்றியுரையும் முடிந்திருந்தது. விளக்குகளை அணைத்தார்கள். கூட்டம் சட்டென்று அடங்கியது. எங்கேயோ ஒரு பனை வடலிக்குள் ஓலை உரசிக்கொண்டிருந்தது. "சனியைத் தேடிப்போய்ப் பாக்கிறதோ?" என்று ஒரு தாய் முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள்.

சரவணைப் பள்ளிக்கூடத்துப் பெடியள் முதலில் பார்த்தார்கள். "வளையம் தெரியுது சேர்!" என்று துள்ளினார்கள். பிறகு எங்கள் பெண் பிள்ளைகளின் முறை வந்தது.

"சேர், ஒண்டும் தெரியேல்லை."

அடுத்தவளுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவளுக்கும் இல்லை. ஜெகதீஸ் குனிந்து பார்த்தார், அவருக்குத் தெரிந்தது. ஒரு பெடியன் பார்த்தான், அவனுக்கும் தெரிந்தது. திரும்பவும் ஒரு பெண் பிள்ளை கண்ணை வைத்தாள்.

இருட்டு.

பவதாரணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வகுப்பிலே வாய் திறக்காத பிள்ளை. "ரீச்சர், ஆரோ அங்கால கையால பொத்தியிருக்கினம்" என்று காதுக்குள் சொன்னாள்.

நான் கண்ணை வைத்தேன். கறுப்பு. வெறும் கறுப்பு. பார்த்துக்கொண்டே இருக்க, அந்தக் கறுப்பு மெல்ல அசைந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம் வந்து, உடனே மூடிக்கொண்டது.

நிமிர்ந்தேன். தொலைநோக்கியின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

சாம்பிராணி மணந்தது.

பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். எவளோ ஒருத்தி என்னிடம் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பின்னறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சுவரோரம் பற்றரிகள். நடுவில் ஒரு பழைய கதிரை. கதிரையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, அதன் மேல் கவிழ்த்த இன்னொரு கோப்பை. தூக்கிப் பார்த்தேன். பிட்டும் மீன் குழம்பும். முகத்தில் ஆவி அடித்தது. இறக்கி ஐந்து நிமிடம்கூட இராது.

அந்த அறையில் அடுப்பு இல்லை.

"அது அவருக்கு."

குரல் என் தோளுக்குப் பின்னால் கேட்டது. கோபமே இல்லாத குரல். திரும்பினால் சுவர்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவருக்கு நான் இருக்கிறன். நான் அவர் தாலி கட்டின மனிசி."

பிறகு, மிகக் கிட்டத்தில், என் கன்னத்து மயிர் அசைய,

"அப்ப கூப்பிட்டுப் பாருமன்."

அடுத்த கணம் அந்தக் குரல் மேலே கேட்டது. மாடியின் பின்மூலையிலிருந்து. நீட்டி, கொஞ்சம் செல்லமாக.

"இஞ்சாருங்கோ..."

என்னோடு படிப்பிக்கிற ரீச்சர்மார் பலர் புருசனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டதுபோல நானும் கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாருங்கோ"தான். ஒருநாளும் அவருடைய பெயரை என் வாயால் சொன்னதில்லை.

படியில் விழுந்தெழும்பி மேலே ஓடினேன். ஜெகதீஸ் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பின்மூலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இடித்த படி இருந்த இடம் அது. கைபிடிச்சுவர் இல்லாத இடைவெளி. குறுக்கே கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது.

"ஓம், வாறன்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

"இஞ்சாருங்கோ..." என்றது அது.

ஒரே சொல், ஒரே இழுப்பு. அவருக்கு எந்தக் குரல் எவளுடையது என்று எப்படித் தெரியும்? அவர் திரும்பவில்லை. இன்னொரு அடி வைத்தார். நான் திரும்பக் கூப்பிட்டேன். அவர் இன்னும் வேகமாக நடந்தார். நான் கூப்பிடக் கூப்பிட அவர் அவளிடம் போனார்.

"ஜெகதீஸ்!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் அலறிவிட்டார்கள். அவர் நின்றார். அவருடைய காலில் இருந்து கழன்ற செருப்பு கீழே விழுந்த சத்தம் கொஞ்சம் பிந்திக் கேட்டது. ஓடிப்போய்ச் சேட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் நிலத்தில் விழுந்துவிட்டோம்.

"நீர் அந்தப் படியடியில நிண்டெல்லோ கூப்பிட்டனீர்..." அவருக்கு மூச்சு வாங்கியது. "சாப்பாடு ஆறுது எண்டனீர்."

"நான் இஞ்ச நிக்கிறன். என்னைப் பாருங்கோ."

இருட்டுக்குள் யாரோ ஒருத்தி மிக மெதுவாக, சொல்லிப் பழகுவதுபோல, எதையோ முணுமுணுத்தாள். பிள்ளைகளில் ஒருத்தி என்று நினைத்தேன்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அவருடைய கையை நான் விடவில்லை. தலை சுற்றி விழப்பார்த்தாராம் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்கே அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

"இனி அந்த வீட்டுக்குப் போறேல்லை. வேற ஆரும் பாக்கட்டும். இன்னொண்டு. இனி நான் உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவன். 'இஞ்சாருங்கோ' எண்டு கேட்டா, அது நானில்லை. திரும்பிப் பாக்கக் கூடாது. விளங்கினதோ?"

"விளங்கினது, இந்துஜா" என்றார், நல்ல பிள்ளைபோல.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசம்தான். மறுநாள் பின்னேரம் என் மனிசன் என் வீட்டில், என் முன்விறாந்தையில், கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். விளக்கு வைக்கும் நேரம், கறிச்சட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அப்போதுதான் கரண்ட் போனது.

வாளியைக் கிணற்றில் விட்டபடி நின்றேன்.

காற்றில் சாம்பிராணி மணம் வந்தது.

பிறகு எங்கள் குசினிக்குள் இருந்து, என்னைவிட அழகாக, என்னைவிட ஆசையாக, ஒரு குரல்.

"ஜெகதீஸ்..."

கயிறு கையைவிட்டு நழுவியது. அந்தப் பெயரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இனி நான் அவரை எப்படிக் கூப்பிடுவது? முன்விறாந்தையில் கதிரை பின்னால் நகர்கிற ஓசை கேட்டது.

"ஓம், வாறன்" என்றார் அவர்.