அழகர் பழக்கிய கை

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே தம்பி. அப்ப இத யாரு செய்யிறது?"

"அன்டைக்கே அழிச்சிட்டன்மா. என்ட கையால."

நபீல் அதை மெதுவாகத்தான் சொன்னான். கண்டியிலிருந்து இயந்திரம் பார்க்க வந்தவன், விளக்குமாற்றோடு நின்ற ரத்தினம்மாவின் முகத்தைப் பார்க்காமல், இயந்திரத்தைச் சுற்றிய கம்பி வேலிக்கு அப்பால் பார்த்தான். கடுகண்ணாவைக் கணவாயின் பனி, தேயிலைக் களஞ்சியத்தின் திறந்த கதவு வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம்தான். ஆனாலும் விளக்குகள் எரிந்தன.

வேலிக்குள் ரோபோவின் இரும்புக் கை, மூட்டை அடுக்கும் வெறும் மரப் பெலட்டின் மேல் தயங்கி நின்றது. பிறகு குனிந்து பலகையை மெல்லத் தொட்டது. ஒரு மனிதனின் கண் உயரத்துக்கு எழுந்து, அங்கேயே சற்று நின்றது.

அதன்பின்தான் முதல் மூட்டையை எடுக்கப் போனது.

அது அழகரின் பழக்கம். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து இந்தக் களஞ்சியத்தில் மூட்டை அடுக்கியே முதுகு வளைந்தவர். காலையில் முதல் மூட்டைக்கு முன் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். வைத்த மூட்டையை, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டுவார். இயந்திரம் வந்தபோது, அதன் கையைப் பிடித்து அடுக்கும் வழியைப் பழக்க அவரைத்தான் அழைத்தார்கள். பிடித்த கையோடு பலகையைத் தொட்டுக் கும்பிட்டார் அழகர்; வைத்த மூட்டையையும் தட்டினார். இயந்திரம் அதையும் படித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நபீலும் சிரித்தான். கும்பிட்டதையும் தட்டியதையும் அன்றே அழித்தான்.

உதவிக்குத்தான் இயந்திரம் என்று சொல்லியிருந்தார்கள். அது பழகி முடிந்ததும் அழகருக்கு ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்து, இயந்திரத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் இன்னும் அலுவலகச் சுவரில் இருக்கிறது. அதில் அழகரின் பாதி முகத்தை இரும்புக் கை மறைத்திருக்கும். அவருடைய சாவுக்கு யாரும் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர் மனைவி ரத்தினம்மாவைக் கூட்டிப் பெருக்க எடுத்தார்கள்.

"சாகிற அன்னைக்கும் பாயத் தட்டிக்கிட்டேதான் கெடந்தாரு," என்றாள் அவள். "போதும், படுங்கன்னு சொன்னேன். கேக்கல."

இயந்திரம் நேரத்தை வீணாக்குகிறதாம். முகாமையாளருக்கு அது மட்டும்தான் கவலை. நபீல் கணினியைத் திறந்து தேடினான். கும்பிடும் அசைவு எதிலும் இல்லை. தட்டும் அசைவும் இல்லை. இருந்தாலும் பழக்கியது அத்தனையையும் அழித்தான். திரை வெறுமையானது. மின்சாரத்தை நிறுத்த, சுவரிலிருந்த பெரிய ஆளியையும் கீழே இழுத்தான்.

காற்றுக் குழாய்கள் பெருமூச்சுவிட்டு அடங்கின. கையின் பச்சை விளக்கு அணைந்தது. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது.

"முடிஞ்சிட்டும்மா," என்றான்.

அவள் மூக்கை உயர்த்தி எதையோ முகர்ந்தாள்.

அவனுக்கும் வந்தது அந்த வாசம். தேயிலைத் தூசியின் காரத்துக்குள்ளே மூட்டுவலித் தைலம். அழகர் முழங்காலில் தேய்த்துக்கொண்டு வரும் அதே தைலம்.

வேலிக்குள் ஏதோ கிறீச்சிட்டது.

ஆளியின் பிடியை நபீல் இன்னும் விடவில்லை. அது கீழேதான் இருந்தது.

மின்சாரம் இல்லாத கை மெல்ல இறங்கியது. பலகையைத் தொட்டது. கண் உயரத்துக்கு எழுந்தது.

பிறகு, அருகே முன்பே அடுக்கியிருந்த மூட்டைகளின் பக்கம் திரும்பியது.

தட்.

தட்.

நபீல் ஆளியை இன்னும் கீழே அழுத்தினான். ரத்தினம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் பயமில்லை. களைப்புத்தான் இருந்தது.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு தம்பி. நீங்கதானே அவர உள்ள வச்சது. வேல முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்கன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."