மூன்றாவது சாவி

கிட்டே வாங்க, கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ஒரு சாவியின் கதை சொல்லப் போகிறேன். மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்...

"ஐயோ...!"

மாலை நாலு மணி. பூட்டுக்கடையின் பின்னறையிலிருந்து வந்த அலறல் அது!

அலறியவர் கடை முதலாளி, சாவிக்காரர். ஆள் உயர இரும்புப் பெட்டகத்தின் கதவை அவர் இழுக்க, உள்ளேயிருந்து அவர் நெஞ்சின்மேல் சரிந்தாள் அவர் மனைவி.

மூச்சு இல்லை!

அன்று மதியம்...

சாவிக்காரர் முன்னால் ஒரு சாவியை வைத்தான் சாமியார். பன்னிரண்டு வருஷமாகக் கடையில் வேலை. அதிர்ந்து பேசமாட்டான், அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"என்னடா இது?"

"வேணாண்ணே... விடுங்க."

"சொல்லித் தொலை!"

"உங்க வீட்டுச் சாவி மாதிரி இருக்கு. நம்ம சுருட்டைப் பய சட்டையிலருந்து விழுந்துச்சு. புதுக் கடையையே நம்பி ஒப்படைச்சிருக்கீங்க அவன்கிட்ட... அண்ணியும் வாரத்துல ரெண்டு நாள் அங்க போறாங்க. சும்மா கடை பாக்கத்தான் இருக்கும்!"

பக்கத்துத் தெருவில்தான் வீடு. சாவிக்காரர் ஓடினார். அந்த வீட்டுக்கு இருப்பதே இரண்டு சாவி. இந்த மூன்றாவதும்...

திறந்தது!

முப்பது வருஷமாக எந்தச் சாவி கைக்கு வந்தாலும் முதலில் அதன் பல் வெட்டைத்தான் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. திறக்கிறதா என்று மட்டும் பார்த்தார்!

மனைவியைக் கையோடு கடைக்கு இழுத்து வந்தார்.

"சுருட்டை கடைக்கு எதுக்குடி போற?"

"சாயந்திரம் அவனே வந்து சொல்லுவான். அதுவரைக்கும் கேக்காதீங்க." சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவரை எரித்தது. பின்னறைப் பெட்டகத்துக்குள் அவளைத் தள்ளினார்.

"உள்ள நின்னு யோசி! உண்மை வாயில வந்ததும் தட்டு!"

"ஏங்க... இருட்டா இருக்கு... விளையாடாதீங்க!"

பூட்டினார். சுருட்டையைத் தேடிப் போனார். புதுக் கடை சாத்திக் கிடந்தது. தெருத் தெருவாக அலைந்தார்.

அவள் தட்டினாள்... தட்டினாள்...

முன்னறையில் சாமியார் சாவி வெட்டும் மெஷினை ஓடவிட்டான்.

அந்த அலறல் கேட்டு இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது, பின்னாலேயே சுருட்டையும் வந்தான். கையில் புதுக் கடையின் சாவிக்கொத்து. தரையில் கிடந்தவளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி...!"

"என் வீட்டுச் சாவி உனக்கு எதுக்குடா?" சாவிக்காரர் நீட்டினார்.

"இதை நான் பாத்ததே இல்லண்ணே!"

அப்போதுதான் அவர் சாவியின் பல்லைப் பார்த்தார். ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல்!

சாமியார் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை நம்ம மெஷின் சக்கரம் மூளியாச்சு. அதுக்கப்புறம் வெட்டின சாவியிலதான் இந்தக் கீறல் விழும். சுருட்டை புதுக் கடைக்குப் போயி ஒரு மாசமாச்சு... இங்க மெஷினைத் தொடுறது நானும் நீயும்தான். ஏன்டா சாமியாரு?"

சாமியார் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான்.

"பன்னெண்டு வருஷம் உழைச்சது நான்! கடை மட்டும் நேத்து வந்தவனுக்கா?"

சுருட்டை அழுதுகொண்டே சாவிக்கொத்தை அவனிடம் நீட்டினான்.

"இந்தாங்க. அண்ணி இதுக்குத்தான் என்கிட்ட வந்தாங்க. 'பன்னெண்டு வருஷம் உழைச்சவருடா... கடையை அவருக்கு விட்டுக் குடு'ன்னு. இன்னிக்குத்தான் சரின்னேன். அண்ணன்கிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன்!"

சாமியார் தரையில் கிடந்தவளைப் பார்த்தான். அவனுக்காகப் பேசிய ஒரே வாய் அது!

இன்ஸ்பெக்டரம்மா சாவிக்காரருக்கும் சாமியாருக்கும் விலங்கை எடுத்தார். சாவிக்காரர் மனைவியின் கண்களை மூடிவிட்டுக் கைகளை நீட்டினார்.

"போன மாசம் நான் ரிப்பேர் பண்ணின விலங்குதாம்மா, நல்லாப் பிடிக்கும். சாவியை மட்டும் சாமியார் கண்ணுல காட்டிடாதீங்க... ஒண்ணு ரெண்டாயிடும்!"

சொன்னவர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

உங்கள் வீட்டில், கண்ணுகளா, தட்டினதும் திறக்கிற கதவும், பேசி முடிக்கும்வரை பொறுக்கிற காதும் என்றைக்கும் இருக்கட்டும். பூட்டெல்லாம் துருப்பிடித்தே போகட்டும்!