பெரிய ஊர் பக்கத்தில்

காலை 7.40. மும்பை, மாட்டுங்கா லேபர் கேம்ப். மாலை விமானத்தில் ஜெர்மனி போகவேண்டிய நர்ஸ் கோகிலவாணியின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

8.15க்கு சப்-இன்ஸ்பெக்டர் சுரேந்திரன் வந்தார். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழர் வீட்டு வழக்கென்றால் ஸ்டேஷனில் அவர் தலையில்தான் கட்டுவார்கள். சந்து முனையில் கோகிலவாணியின் படம் போட்ட வாழ்த்து பேனர் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

ஒரே அறை. மழைக்கு வெள்ளம் புகும் வீடு என்பதால், பாஸ்போர்ட்டையும் மற்ற முக்கியமான தாள்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எப்படி எட்டுவீங்க?"

"தண்ணி டிரம்மு மேல ஏறித்தான் சார். நாற்காலி போட எடமேது?" என்றாள் தாய் முருகம்மாள்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. நாந்தான் பாத்துட்டுத் திரும்பக் கட்டுனேன்" என்றார் தகப்பனார் இசக்கிப்பாண்டி.

"அப்புறம் யார் வந்தா?"

"டெய்லர் நுஸ்ரத்" என்றான் அண்ணன் மாரிசெல்வம். "நாலு மணிக்கு பிளவுஸ் குடுக்க வந்தா. பத்து நிமிஷம் தனியா இருந்தா சார். அவளைக் கூட்டிட்டுப் போய் உங்க ஸ்டேஷன்லயே உக்கார வச்சுட்டேன். கம்ப்ளெயின்ட்லயும் பேர் குடுத்தாச்சு."

"நீங்க எங்க போனீங்க?"

"குழாய் உடைஞ்சு நேத்து தண்ணியே வரல. பழைய தண்ணியும் ஒரு மணிக்குத் தீந்துட்டு" என்றாள் முருகம்மாள். "நாலு மணிக்கு லாரி வந்துச்சுன்னு எல்லாரும் குடத்தோட ஓடுனோம். ஒரு சொட்டு கிடைக்கல. இன்னைக்கு ஆறு மணிக்குத்தான் குழாய்ல வந்துச்சு. நாங்க தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்க, கோகிலா உள்ள நின்னு டிரம்முல ஊத்துனா."

சுரேந்திரன் டிரம்மின் மூடிமேல் ஏறினார். அது அசையவில்லை. பையில் இரண்டு முடிச்சு இருந்தது. சர்ட்டிபிகேட்டுகள் நனையவில்லை. அவளுக்கு வாங்கிய தங்கக் கம்மலும் உள்ளேயே கிடந்தது.

"ஜெர்மனியில எந்த ஊர்?"

"லைப்சிக் பக்கத்துல ஒரு மாவட்டம் சார். முதியோர் இல்லத்துல வேலை" என்றார் இசக்கிப்பாண்டி பெருமையாக. "பெரிய ஊர் பக்கந்தான். நம்ம பம்பாய்க்குப் பக்கத்துல பாண்டுப் மாதிரி."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

8.50. அவளைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"காலி டிரம்மு மேல ஏறினா கவிழ்ந்துடும்மா. நேத்து ஒரு மணியிலேருந்து இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் அது காலி. நாலு மணிக்கு வந்த நுஸ்ரத் எப்படி ஏறுவா? தண்ணி ரொம்பினப்புறம் உள்ள நின்னது நீ ஒருத்திதான். கம்மலை விட்டுட்டு, மத்த தாள் நனையக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சுப் போடுற திருடன் எவன்?"

அவள் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

"நுஸ்ரத் பேரை நான் சொல்லல சார். ஆனா அவ எடுக்கலன்னும் சொல்லல."

"ஏம்மா?"

"என்கூடப் படிச்ச அம்மு போன வருஷம் அங்கதான் போனா. கடைசி பஸ் அஞ்சரைக்கு. அப்புறம் வயலும் இருட்டுந்தான். டியூட்டி முடிஞ்சா பேச ஆள் கிடையாதுன்னு போன்ல அழுவா. ஜனவரியில பனிக்குள்ள நடந்து போனவ திரும்பல. அவ வேலைக்குத்தான் என்னைக் கூப்பிடுதாவ. அவ ரூமு, அவ கட்டிலு."

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னேன். அவளுக்கு மனசு திடமில்லன்னாவ. பேனர் வச்சாச்சுன்னான் அண்ணன். கிடைக்கலன்னு எழுதிருங்க சார்."

எழுதிவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. தன் வேலைமேலேயே வெறுப்பு வந்தது.

"பாஸ்போர்ட் கிடைக்காம கம்ப்ளெயின்டை மூட முடியாதும்மா. நுஸ்ரத் பேர் அதுலயே கிடக்கும். போலீஸ்ல பேர் ஏறினவகிட்ட அப்புறம் யார் துணி குடுப்பா?"

அவள் அரிசி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அரிசி டப்பால கிடந்துச்சுப்பா. நாந்தான் வச்சுட்டு மறந்துட்டேன்."

முருகம்மாள் சந்தோஷத்தில் அழுதுகொண்டே மகளுக்குத் திருநீறு பூசினாள்.

10.30க்கு நுஸ்ரத்தை அனுப்பிவிட்டார்கள். 2.10க்கு டாக்ஸி வந்தது. அந்தச் சந்தில் ஆளை ஆள் இடிக்காமல் நடக்க முடியாது, சத்தத்துக்கும் குறைவில்லை. கோகிலவாணி மழையைப் பாராமல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சத்தம் கேட்கிற மட்டும் கேட்டுக்கொண்டே போனாள்.